கதையால் ஆளப்படும் குடி: அழிவுக்குப் பிந்தைய பினாங்கில் ஓர் இனக்குழுவைக் கட்டுவது எப்படி?

பேரழிவுக்குப் பிறகான உலகம் என்றாலே பலருக்கும் பாலைவனமும் துருப்பிடித்த லாரியும்தான் கண்ணில் தெரியும். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் படம் ஒட்டவே இல்லை. இங்கே உலகம் அழிந்தால் மணல் வராது, பாசி வரும். ஆளில்லாத பிளாட்டின் சுவரில் இரண்டு மூன்று வருடத்தில் ஆலஞ்செடி முளைத்துவிடும். லிஃப்ட் கூண்டில் குரங்கு குடித்தனம் நடத்தும்.

அப்படிப்பட்ட ஒரு பினாங்கைச் சில வருடங்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சிறுகதைகளுக்காக ஆரம்பித்தது. அப்புறம் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை விளையாடும் வேடமேற்கும் விளையாட்டுக்கும் அதுவே களமாகிவிட்டது. அங்கே வாழும் குடியின் பெயர் கேளிர். கேள் என்றால் செவிகொடு. கேளிர் என்றால் பழந்தமிழில் உறவினர். கேட்டவரெல்லாம் சொந்தம், கேளாதவர் அந்நியர். பெயருக்காக நான் வேறெங்கும் அலையவில்லை, மொழியே எடுத்து வைத்திருந்தது. இந்தக் குடிக்குச் சாமியும் கதைதான், சட்டமும் கதைதான், யார் மேலே யார் கீழே என்பதும் கதையை வைத்துத்தான்.

நீங்கள் உங்கள் குடியை ஈப்போவிலோ கிள்ளானிலோ வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான் மாற்றிச் செய்து ஒரு வருடத்தை வீணடித்தவன். முதலில் தலைவரின் உடை, பட்டப்பெயர், கழுத்தில் தொங்கும் மணி என்று எழுதிக் குவித்தேன். ஒருநாள் ஒட்டுக்கடையில் தே ஓ குடித்துக்கொண்டே நண்பர் ஒருவர் கேட்டார்: "சரி, இவரு சொல்றத நான் கேக்கலன்னா என்ன ஆவும்?" என்னிடம் பதில் இல்லை. மணி மட்டும்தான் இருந்தது.

படி 1: ஏன் எழுதிவைக்கவில்லை?

கதை சொல்லும் குடியை உருவாக்குகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உலகம் அழிந்தாலும் எழுதத் தெரிந்தவர்கள் மிஞ்சுவார்கள். கரித்துண்டு இருக்கும், சுவர் இருக்கும். பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816இல். இருநூறு வருடத்துக்கு மேல் எழுதிப் படித்த சனங்கள் எழுத்தை ஏன் கைவிட வேண்டும்?

பாதி விடையை நம் ஊர்ப் புழுக்கம் தரும். காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், மிச்சத்தைக் கரையான் தின்னும். நம் முன்னோர் ஓலைச்சுவடியையே தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்துத்தான் காப்பாற்றினார்கள். மின்சாரம் போனால் கைப்பேசியில் உள்ளதெல்லாம் போச்சு. ஆனால் இது வெறும் வசதிக்குறைவு. வசதிக்குறைவிலிருந்து ஒரு சமயம் பிறக்காது. அதற்கு ஒரு சம்பவம் வேண்டும், அதில் ஒரு சாவு வேண்டும்.

நான் வைத்த சம்பவம் இது. அழிவு முடிந்து இரண்டாவது வருடம். ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் யாரோ நல்ல மனதோடு 'குடிக்கலாம்' என்று பெயிண்டில் எழுதிவைத்தார். எழுதியபோது அது உண்மை. அப்புறம் எழுதியவர் செத்துப்போனார், தண்ணீர் கெட்டுப்போனது, எழுத்து மட்டும் பளிச்சென்று நின்றது. படிக்கத் தெரிந்தவர்கள் குடித்தார்கள், செத்தார்கள். படிக்கத் தெரியாத ஒரு கிழவி மட்டும் "யாரு சொன்னா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் குடிக்கவில்லை.

கேளிரின் முதல் மூதாய் அவள்தான். எழுத்து என்பது ஆள் இல்லாமல் பேசுவது. ஆள் இல்லாமல் பேசினால் நம் ஊரில் அதற்குப் பேய் என்று பெயர். அதனால் பழைய கடைப் பெயர்ப்பலகை எதிர்ப்பட்டால் கேளிர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருவர் சந்தித்தால் வணக்கம் சொல்வதில்லை. "யாரு சொன்னா?" என்று ஒருவர் கேட்பார். தனக்குக் கடைசியாகக் கதை சொன்னவரின் பெயரை மற்றவர் சொல்வார். வணக்கமும் அடையாள அட்டையும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

உங்கள் குடிக்கும் இப்படி ஒரு சம்பவத்தை முதலில் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

படி 2: தண்ணீர் எங்கே என்று பார்த்துவிட்டு ஊரை வையுங்கள்

பினாங்குத் தீவு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி தீவில் பிறப்பதில்லை. பெருநிலத்தில் ஓடும் மூடா ஆற்றில் எடுத்து, சுத்திகரித்து, கடலுக்கடியில் போட்ட குழாய்களில் வருகிறது. பம்ப் நின்றால் ஜார்ஜ் டவுன் தாகத்திலேயே காலியாகிவிடும். சனங்கள் எங்கே ஓடுவார்கள்? மலைப்பக்கம்தான். 1962இல் கட்டிய ஆயர் ஈத்தாம் அணை, கொடிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள், அப்புறம் பெயரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் தண்ணீர்மலை. அங்கே முருகன் கோயிலுக்கு ஏற 513 படிகள். உயரம் உண்டு, காற்று உண்டு, வருகிறவனைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். எனக்கு வேறு இடம் தேடத் தோன்றவில்லை.

இடத்தை முடிவு செய்ததும், பழைய பொருள்கள் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம், ரொம்ப ருசியான பகுதி இது. கொம்தார் கோபுரத்துக்கு அறுபதுக்கும் மேல் மாடி, 12 பக்கம். மாடியை எண்ண முடியாது, பக்கத்தைச் சுற்றி வந்தால் எண்ணிவிடலாம். பன்னிரண்டு என்றதும் தமிழனுக்கு யார் ஞாபகம் வரும்? இரண்டே தலைமுறையில் அது அலுவலகக் கட்டடம் என்பது மறந்து 'பன்னிருகையன் தூண்' ஆகிவிடும். 1923 முதல் மலை ரயில் ஓடிய தண்டவாளம் கொடிமலைக்கு ஏறும் ஏணியாகும். தைப்பூசத்துக்கு வழிநெடுகப் போட்ட தண்ணீர்ப் பந்தல்கள் நினைவில் மிஞ்சும். ஆனால் அங்கே தண்ணீர் வாங்க ஒரு கதை கொடுக்க வேண்டும்.

பாலங்களைப் பற்றி ஒரு வரி: 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்திலும் 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலத்திலும் ஆளுக்கொரு துண்டை விழ வைத்துவிடுங்கள். பாலம் முழுசாக நின்றால் தீவு தீவாக இருக்காது.

படி 3: கதைக்கு வேலை கொடுங்கள்

இங்கேதான் பலரின் குடிகள் பொம்மைக்கொலு ஆகிவிடுகின்றன. தீயைச் சுற்றி உட்கார்ந்து அழகாகக் கதை சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. கதை தப்பினால் ஆள் சாக வேண்டும். அப்போதுதான் கதை தெரிந்தவனுக்கு மதிப்பு.

இது கற்பனை இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் தீவில் பகல் ஒரு மணிவாக்கில் கடல் உள்ளே வந்தது. பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் பின்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள், கரையில் விளையாடிய பிள்ளைகள். அதே நாளில், நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த, சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவில், சுமார் 78,000 பேரில் இறந்தது 7 பேர்தான். காரணம் ஒரு சொல்: 'ஸ்மோங்'. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து நிறையப் பேரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். நிலம் ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு, ஆராயாதே, ஓடு. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தியதும் ஊரே மலையேறிவிட்டது.

கேளிரின் கதைகள் எல்லாவற்றுக்கும் நான் வைத்த அளவுகோல் இதுதான். ஒவ்வொரு கதையையும் எழுதும்போது 'இது யாரைக் காப்பாற்றுகிறது?' என்று பக்கத்தில் குறித்துக்கொள்வேன். மூன்று வகை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே கட்டலாம்.

சாப்பாட்டுக் கதை. கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு. தோல் சீவி, நறுக்கி, நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி வேகவைத்தால்தான் வயிற்றுக்கு ஆகும். கேளிர் இதைச் சமையல் குறிப்பாகச் சொல்வதில்லை. 'கசப்பத்தை' என்று ஒருத்தி. மூன்று நாள் குளத்தில் முங்கி எழுந்தால்தான் அவள் கோபம் தணியும். முதல் நாள் கூப்பிட்டவன் செத்தான், இரண்டாம் நாள் கூப்பிட்டவனுக்குக் கால் விளங்காமல் போனது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மறக்காது.

வழிக் கதை. இதற்கு நமக்குச் சொந்தமாகவே ஒரு வடிவம் இருக்கிறது: ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனிடம் 'இந்த வழியாகப் போ, இன்ன மேடு வரும், இன்ன காட்டில் பாம்பு இருக்கும், இன்னார் சோறு போடுவார்கள்' என்று சொல்லியனுப்புவது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குப் படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. வரைபடம் இல்லாத உலகில் ஆற்றுப்படைதான் வரைபடம். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலேக் பூலாவ் டுரியான் தோப்புக்கு மலைவழியே போக, கேளிரிடம் ஓர் ஆற்றுப்படை உண்டு. நடந்துகொண்டேதான் சொல்ல வேண்டும். ஒரு திருப்பத்துக்கு ஓர் அடி.

கடன் கதை. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பது. சலிப்பான கதைகள், ஆனால் சண்டை எல்லாம் இதில்தான்.

படி 4: பிழை பிடிக்கும் ஏற்பாடு

வாய்வழிக் கதை மாறிக்கொண்டே போகும். 'கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது' என்று நாம் கேலி செய்வது அதைத்தான். உயிர்காக்கும் கதைக்கு மூக்கு முளைத்தால் ஆபத்து. அதனால் பூட்டு வேண்டும். தமிழ்ச் செய்யுளிலேயே பூட்டுகள் இருக்கின்றன. எதுகை மோனை தட்டினால் சொல் மாறிவிட்டது என்று காது உடனே சொல்லிவிடும். அந்தாதியில் ஓர் அடி முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்குகிறது. நடுவில் ஒன்று தொலைந்தால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். முக்கியமான கதைகளுக்கு மட்டும் அந்தாதி போடுங்கள். எல்லாவற்றையும் செய்யுளாக்கினால் உங்களுக்கும் தாவு தீர்ந்துவிடும்.

இரண்டாவது பூட்டு மனிதர். பாட்டி கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதேதான். கேளிரில் ம் கொட்ட ஆள் இல்லாமல் யாரும் கதை சொல்லக் கூடாது. ம் கொட்டுகிறவருக்கு அந்தக் கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிழை வந்தால் அவர் திருத்த மாட்டார், கையைத் தூக்க மாட்டார், 'ம்' சொல்வதை நிறுத்துவார். அவ்வளவுதான்.

காலையில் நடக்கும் பெரட்டு காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கக் கூட்டுவார்களே, அந்தப் பெரட்டுதான். தோட்டம் போய் எத்தனையோ காலம் ஆகியும் சொல் பிழைத்துக் கிடக்கிறது.

இன்னும் இருட்டு. படிகளில் பனியீரம். ஒரு படிக்கு ஒருவராக முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே நின்று பேசுகிறவர் நடுவயதுக்காரர், பேர் பெற்ற 'வாய்', அதாவது கதை சொல்லும் பதவிக்காரர். அவர் காலடியில் பதினொரு வயதுப் பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"கசப்பத்தை கோவிச்சிக்கிட்டு குளத்துல எறங்குனா."

"ம்."

"தோல உரிச்சிக்கிட்டு எறங்குனா."

"ம்."

"ரெண்டு நாளு முங்கிக் கெடந்தா."

தவளைச் சத்தம் கேட்கிறது. பெண் ஒன்றும் சொல்லவில்லை. வாய் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே அடியை மறுபடி சொல்கிறார், இன்னும் அழுத்தமாக, "ரெண்டு நாளு." அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழ்ப்படிகளில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம். அப்புறம் இன்னொருவர். வீட்டில் மரவள்ளி ஊறிக்கொண்டிருக்கும் பெண்கள் அவர்கள்.

இந்த ஒரு காட்சியை எழுதியபோதுதான் என் நண்பரின் கேள்விக்கு விடை கிடைத்தது. அதிகாரம் கதை சொல்வதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது.

படி 5: யார் மேலே, யார் கீழே

நல்ல கதைசொல்லிதான் தலைவர் என்று வைக்காதீர்கள். அது பாட்டுப் போட்டி, ஆட்சி இல்லை. ஒவ்வொரு நிலையிலும் இருப்பவர் எந்தக் கதையை எவ்வளவு தூரம் சொல்லலாம், எங்கே நிறுத்தலாம் என்பதைப் பிரித்துக்கொடுங்கள்.

அடியில் செவிகள். பிள்ளைகளும் புதிதாக வந்து சேர்ந்தவர்களும். கேட்கலாம், சொல்லக் கூடாது. அதற்கு மேல் ம்காரர்கள், பெரும்பாலும் ஞாபகசக்தி உள்ள சிறுவர் சிறுமியர். பதவியில் சின்னவர்கள், பெரட்டில் மட்டும் எவரையும் நிறுத்த முடியும். பெரியவர்களுக்கு இது பிடிக்காது, ஆனால் மாற்றத் துணிய மாட்டார்கள். அதற்கு மேல் வாய்கள். ஒவ்வொரு வாய்க்கும் இத்தனை கதை என்று கணக்கு உண்டு.

கணக்கை வைப்பவர் கிராணி. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணி இங்கே எழுத முடியாது, அதனால் ரப்பர் கொட்டை. ஒரு கதைக்கு ஒரு கொட்டை. சின்ன வயதில் நாம் விளையாடிய அதே வரிவரியான கொட்டைதான். இரண்டு கொட்டை ஒரே மாதிரி இருக்காது என்பதால் கிராணிக்கு எது எந்தக் கதை என்று விரல் தடவலிலேயே தெரியும். வாய் செத்தால் அவருடைய கொட்டைகளைக் கிராணி எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கதைக்கு வேறு ஆள் இருக்கிறது, எது அநாதை என்று பார்ப்பார். அநாதைக் கதையைச் சுமக்க ஆள் தேடுவது கேளிரில் கல்யாணத்துக்குப் பெண் தேடுவதைவிடப் பெரிய காரியம்.

உச்சியில் ஒருத்தி: முடிச்சம்மா. சில கதைகளின் முடிவு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அணைக்குப் போகும் வழி எல்லாருக்கும் தெரியும். போனதும் எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்பது அந்தக் கதையின் முடிவு. வறட்சி வந்தால் சனங்கள் அவளைத்தான் பார்க்க வேண்டும். அவள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அவள் சொல்வதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியே எழாது.

கங்காணியை எங்கே வைப்பது? நான் ரொம்ப நாள் யோசித்தேன். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய், மலாயாவைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசி, ஆள் கட்டி கப்பலேற்றியவர்கள் கங்காணிகள். அந்த ஆள்கட்டலை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அவர்களும் கதைசொல்லிகள்தான், அதுவும் கெட்டிக்காரக் கதைசொல்லிகள். ஆகவே கேளிரில் கங்காணி என்ற பதவி இல்லை. அது ஒரு வசவு. கேட்க இனிப்பாக இருந்து, நம்பிப் போனவனைத் தெருவில் நிறுத்தும் பேச்சுக்குப் பெயர் 'கங்காணிக் கதை'. யாரையாவது அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு ரத்தம் பார்க்காமல் விடியாது.

படி 6: நம்பிக்கைகளை மொழியிலிருந்து எடுங்கள்

புதிதாகத் தெய்வங்களைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். நாம் அன்றாடம் சொல்லும் சொற்களை, அவர்கள் சொல்லுக்குச் சொல் உண்மை என்று நம்புவதாக வைத்துக்கொண்டால் போதும். 'அவன் கதை முடிஞ்சிச்சி' என்கிறோம். கேளிருக்கு ஒருவன் சாவது மூச்சு நிற்கும்போது அல்ல, அவனுடைய ஒப்பாரியை முழுசாகப் பாடி முடிக்கும்போதுதான். அதனால் ஒப்பாரி ஒருவனின் முழு வரலாறு: எங்கே பிறந்தான், யாரிடம் கடன்பட்டான், எதில் ஏமாற்றினான், எல்லாம். கடன் தீராதவனின் ஒப்பாரியைக் கடன்காரன் பாதியில் நிறுத்திவைக்கலாம். பாதியில் நின்ற ஒப்பாரிதான் பேய். மகன் வந்து கடனை அடைத்தால் பாட்டு தொடரும், பேய் அடங்கும்.

'கதை விடுறான்' என்றால் நமக்குப் பொய் சொல்வது. அவர்களுக்கு அது கூண்டைத் திறந்து மிருகத்தை ஊருக்குள் விடுவது. விட்ட கதை எவனையாவது கடிக்கும்.

பெரிய சடங்கு ஒன்று இருந்தால் போதும். என் கேளிர் வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர்மலையிலிருந்து பழைய பினாங்கு வீதி வரை ஒரு வெற்றுத் தேர்ச்சட்டத்தை இழுத்துப் போய்த் திரும்புகிறார்கள். வெள்ளி ரதம் போன வழிதான். ஏன் அந்த வழி என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பந்தலிலும் தேரை நிறுத்தி, அந்த வருடம் செத்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைப்பார்கள். தேருக்குள் என்ன இருந்தது என்பது முடிச்சம்மாவுக்குத் தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவளுக்கும் தெரியாது. இதை நான் இதுவரை எந்தக் கதையிலும் வெளியே சொன்னதில்லை, இப்போதுதான் உளறுகிறேன்.

படி 7: தண்டனை

சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். அடி உதை வேண்டாம், கதையிலேயே தண்டனை இருக்கட்டும். கதைக்கு மூக்கு வைத்தவனுக்கு வாய்க்கட்டு, ஒரு பௌர்ணமி முதல் அடுத்த பௌர்ணமி வரை பேச்சு கிடையாது. கதை விட்டு ஆளைக் கொன்றவனுக்கு அதைவிடப் பெரியது: அவன் பேசினால் யாரும் ம் கொட்டக் கூடாது. சோறு உண்டு, படுக்க இடம் உண்டு. 'பசிக்குது' என்பான், தட்டு வரும், ம் வராது. பெண்டாட்டி பிள்ளையும் கொட்டக் கூடாது. விளையாட்டில் என் நண்பர் ஒருவரின் பாத்திரத்துக்கு இந்தத் தண்டனை கொடுத்தோம். நாங்கள் நான்கு பேரும் அவர் பேச்சுக்கு நிஜமாகவே தலையசைக்காமல் இருந்தோம். இருபது நிமிடத்தில் "டேய், போதும்டா" என்று எழுந்துவிட்டார்.

படி 8: அக்கரைக்காரர்கள்

தீவில் நெல் பற்றாது. எதிரே கெடா, மூடா சமவெளி முழுக்க வயல். ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே கடல் மூன்று கிலோமீட்டர்தான், படகில் போய்விடலாம். கேளிரிடம் கொடுக்க ஜாதிக்காய், டுரியான், அப்புறம் கதை. இங்கே ஒரு சிக்கல். அரிசியைக் கொடுத்தால் கை காலியாகும். கதையைக் கொடுத்தால் கொடுத்தவனிடமும் இருக்கும். ஒருமுறை கேட்டவன் மறுபடி ஏன் அரிசி தருவான்?

வாரப் பத்திரிகைகளின் தொடர்கதையில்தான் விடை கிடைத்தது. 'தொடரும்' போட்டு நிறுத்திவிட வேண்டியதுதான். நடவுக்கு முன் கதையின் தலை, அறுவடையில் அரிசி வந்த பிறகு வால். அக்கரைச் சனங்கள் எந்த மொழி பேசினாலும் முடிவு தெரியாமல் தூங்க மாட்டார்கள். ஆனால் விஷம், வெள்ளம், பேரலை பற்றிய கதையை மட்டும் அறுத்து விற்கக் கூடாது என்று ஒரு சட்டம் வையுங்கள். வைத்துவிட்டு, ஒரு பஞ்ச வருடத்தில் யாரையாவது அதை மீற வையுங்கள். உங்களுக்கு ஒரு நாவல் கிடைத்துவிடும்.

மலாய், ஹொக்கியன் சொற்கள் கலப்பதைத் தடுக்காதீர்கள். இப்போதே நாம் சந்தையைப் பசார் என்கிறோம், கிராமத்தைக் கம்பம் என்கிறோம். நூறு வருடம் கழித்துச் சுத்தத் தமிழ் பேசும் குடியை யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 9: விரிசல்

ஒரே கதைக்கு இரண்டு வடிவம் வையுங்கள். இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்பு வேண்டும், எது சரி என்று உங்களுக்கே தெரியக் கூடாது.

எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவின் அண்ணனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942, 43இல் சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் அவரும் ஒருவர். எங்கள் வீட்டுக் கதையில் அவர் காலராவில் அங்கேயே போய்விட்டார். சுங்கை பட்டாணி சொந்தக்காரர்கள் வீட்டுக் கதையில் அவர் சாகவில்லை, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இது கிளம்பும். ரசம் வருவதற்குள் குரல் ஏறிவிடும். எண்பது வருடமாகியும் இரண்டு பக்கமும் ஓர் அடி விட்டுக்கொடுக்கவில்லை. செத்தார் என்றால் நாங்கள் திதி கொடுத்தது சரி. இருந்தார் என்றால் அவர்கள் காத்திருந்தது சரி.

கேளிரில் இது தொட்டிக் கிழவியின் கதை. மேல்படிக்காரர்கள், அவள் தண்ணீரைக் குடிக்காமல் தப்பினாள் என்கிறார்கள். கீழ்படிக்காரர்கள், அவளும் கடைசியில் குடித்துச் செத்தாள், பார்த்துக்கொண்டிருந்த பேத்திதான் தப்பினாள் என்கிறார்கள். கேட்பவருக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் முதல் கதைப்படி முடிச்சம்மா பதவி கிழவிகளுக்கு, இரண்டாவது கதைப்படி சின்னப் பெண்களுக்கு. இப்போதைய முடிச்சம்மாவுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. அணைக் கதையின் முடிவை அவள் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கண்டெடுக்கட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவசரப்பட்டு வாசகருக்குச் சொல்லிவிடாதீர்கள். அதைத் திறந்தவனின் கை நடுங்குவதை மட்டும் எழுதுங்கள்.

படி 10: காதில் போட்டுப் பாருங்கள்

எழுதியதைத் திரையில் படித்துத் திருத்தினால் இந்த மாதிரிக் குடி பிடிபடாது. உங்கள் குடியின் கதைகளில் ஒன்றையாவது எடுத்து, காகிதமில்லாமல், ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கே மறந்துபோகும் இடம்தான் கதையில் நோஞ்சலான இடம். அங்கே ஒரு எதுகையோ ஒரு பாம்போ வையுங்கள்.

நான் கசப்பத்தையின் கதையைப் பாட்டிக்குச் சொன்னேன். தொண்ணூறை நெருங்கிவிட்டார், கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்று வளர்ந்தவர். கட்டிலில் சாய்ந்தபடி, பழக்கதோஷத்தில் ம் கொட்டிக்கொண்டே வந்தார். அத்தை கோபித்துக்கொண்டாள், ம். தோலை உரித்துக்கொண்டு குளத்தில் இறங்கினாள், ம். மூன்று நாள் முங்கிக் கிடந்தாள்.

சத்தம் இல்லை. தூங்கிவிட்டார் போல என்று எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

"நாலு நாளுடா," என்றார்.